திருப்பிப் போட்ட கட்டடம்

ஏழு கார் நிறுத்தக் கட்டடம் வரைந்தவளிடம் எட்டாவதாக ஒரு நாடக அரங்கத்தைக் கொடுத்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. தொழிலில் இருப்பவர்கள் அவளுக்கு ஏற்கெனவே 'கார்ஷெட்டு' என்று பேர் வைத்திருந்தார்கள். "கார்ஷெட்டு மேடை கட்டப் போகுதாம், நடிகருங்களை எல்லாம் வரிசையா நிறுத்தி வைக்கும் பாரு" என்று ஒருவர் சொன்னது அவள் காதுக்கே வந்து சேர்ந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் எரிந்தது, அவளோடு வேலை செய்யும் தம்பிக்கு மட்டும் தெரியும்.

தம்பி என்றால் கூடப் பிறந்த தம்பி. அவள் கட்டடத்தை வரைவாள். அது விழாமல் நிற்க எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று அவன் கணக்குப் போடுவான். கூட்டத்துக்குக் கூட்டம் அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதில் அரங்கம் கேட்ட கல்லூரியில் எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கல்லூரிக்கு ஒரே ஒரு புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. கேட்டவை இரண்டு துறைகள். வேதியியல் துறையின் ஆய்வகங்கள் பழசாகிப் போயிருந்தன. நாடகத் துறைக்கோ இடமே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். முதல்வருக்குச் சண்டை என்றாலே தலைவலி வரும். "ரெண்டும் ஒரே கட்டடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். பாம்பையும் கீரியையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, ஒற்றுமையாக இருங்கள் என்று மூடிவைத்த கதைதான்.

வேதியியல் துறைத் தலைவரை மாணவர்கள் 'சொட்டு சார்' என்பார்கள். குடுவையில் மருந்து விடுவதும் சொட்டுச் சொட்டாக, பேசுவதும் சொட்டுச் சொட்டாக. அவருடைய புகார் ஒன்றே ஒன்று. "பக்கத்துல குதிக்கிறாங்க. தராசு ஆடுது." சாப்பாட்டுக் கூடத்துக்கு அடுத்த அறைதான் அவருடைய இப்போதைய ஆய்வகம். நாலாவது தசமத்தில் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது, அதற்குக் காரணம் நாடகத் துறை நடனப் பிள்ளைகளின் கால்கள்தான் என்று அவர் இருபது வருடமாக நம்பி வந்தார்.

நாடக ஆசிரியைக்குப் பெயர் 'வெண்கலம்'. குரலைக் கேட்டால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள். "சாரோட புகைபோக்கி உறுமுற உறுமல்ல என் பிள்ளைங்க பேசுற வசனம் எந்தக் காதுக்குப் போகும்?" என்பது அந்த அம்மாவின் கட்சி. ஒருமுறை முதல்வர் அலுத்துப்போய், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று சொல்லிவிட்டார். வெண்கலம் விடவில்லை. "கோணல்னு சொல்றதுக்காவது ஒரு கூடம் குடுங்க சார்!" என்றார். அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

இப்படியே பதினான்கு மாதம், ஒன்பது வரைபடம். முதல்வர் பொறுமை இழந்து ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாக வைத்தார். இரண்டு கடிதங்கள் தட்டச்சாகித் தயாராக இருந்தன. ஒன்று, இரண்டு துறையும் சேர்ந்த கட்டடத்துக்கு. அதில் இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மற்றொன்று, ஆய்வகம் மட்டும். அதில் சொட்டு சார் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். மாலை ஐந்து மணிக்கு எது தயாராக இருக்கிறதோ அது போகும். ஆக, இழுபறி நீடித்தால் சொட்டு சாருக்கு முழுக் கட்டடம், வெண்கலத்துக்குப் பழைய சாப்பாட்டுக் கூடம், அக்காவுக்கு இன்னொரு பெட்டிக் கட்டடம்.

அக்காவுக்கு அந்த மேடை வேண்டும். வேலை கெட்டுப்போகும் என்பதற்காக இல்லை. வேலைக்கு என்ன, கார்கள் இருக்கிறவரை அவளுக்கு வேலை இருக்கும். மனிதர்கள் விரும்பி வந்து நிற்கிற ஒரு இடத்தை வாழ்நாளில் ஒன்றாவது கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் இந்த ஆசையை யாரிடமும் சொல்லவும் வெட்கம். தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

வரைபடத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் புரியாது என்பது அவளுக்கு அனுபவம். அதனால் ஒரு யோசனை செய்தாள். கட்டடம் வரப்போகிற காலி மைதானத்திலேயே, வரப்போகிற அளவிலேயே, தரைத்தளம் முழுவதையும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிடுவது. சுவர் வருமிடத்தில் கோடு, கதவு வருமிடத்தில் இடைவெளி. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரண்டு துறைகளும் தங்கள் சாமான்களோடு வந்து அந்தக் கோடுகளுக்குள் ஒரு நாள் வேலை பார்க்க வேண்டும். பிறகு சொல்லட்டும், வேண்டுமா வேண்டாமா என்று.

கோடு போட ஒருவரை அமர்த்தினாள். விளையாட்டு மைதானங்களுக்குக் கோடு போடுவதுதான் அவர் தொழில். அவருக்கென்று, கோடு இருபுறமும் தெரிகிற மெல்லிய தாளில் அவளே ஒரு படம் வரைந்து கொடுத்தாள். அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. "நல்ல படத்துக்கு எழுத்து வேண்டாம்டா" என்பது அவள் பெருமை. முப்பது வருடப் பெருமை. அது ஒருநாள் காலை வாரிவிடும் என்று யார் கண்டார்கள்?

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தோடு போகிற கோப்புக்கு வேண்டிய தாள்களை அச்செடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அவளும் தம்பியும் மைதானத்துக்கு வந்தார்கள். எட்டு மணிக்கே ஆட்கள் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். கோடுகள் பளிச்சென்று, நூல் பிடித்த மாதிரி இருந்தன. வெண்கலத்தின் பிள்ளைகள் ஒரு மூலையில் மரப்பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சொட்டு சாரின் மேஜைகள் எதிர்மூலையில். அக்கா பார்த்தாள். நின்றாள்.

மைதானத்துக்குக் கிழக்கே பேருந்துப் பணிமனைச் சாலை, மேற்கே மரங்கள். மேடைக்கு அமைதி முக்கியம் என்று மேடையை மரங்களின் பக்கமும், ஆய்வகங்களைச் சாலைப் பக்கமும் அவள் வைத்திருந்தாள். ஒன்பது படங்களிலும் அப்படித்தான். தரையிலோ மேடை சாலையோரத்தில் கிடந்தது. ஆய்வகங்கள் மரத்தடியில் இருந்தன. முழுக் கட்டடமும் வலது இடதாக, இடது வலதாக.

"தாளைத் திருப்பி வெச்சுப் போட்டிருக்கான்க்கா" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கோடு போட்ட மைதானக்காரர் பக்கத்திலேயே வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியற தாளைக் குடுத்துட்டு, ஒரு எழுத்துகூடப் போடாம விட்டா எது மேல் பக்கம்னு நான் எப்படிக் கண்டேன்? நான் போடுற மைதானத்தை எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். கோல் போஸ்ட் ரெண்டு பக்கமும் இருக்கும்!"

நியாயமான கேள்வி.

அழித்துவிட்டுப் போட ஒரு நாள் ஆகும். நாள் கைவசம் இல்லை. தம்பி அவளைத் தனியாக இழுத்துப் போனான். "வாயைத் திறக்காதே. இவங்க யாருக்கும் படம் பார்க்கத் தெரியாது. உள்ள நடக்கட்டும், இடம் போதுதான்னு பார்க்கட்டும். சாயங்காலம் கோப்புல இருக்கிற படத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிடலாம்."

அவள் வாயைத் திறக்கவில்லை. அது சரி என்று நான் சொல்லவில்லை. பயந்து போனவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தப்பான கட்டடம் ஜோராக வேலை செய்தது.

முதலில் வெண்கலத்தின் லாரி வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேடைத் தட்டிகள், படிக்கட்டுகள், ஒரு கோட்டை வாசல். லாரி சாலையிலிருந்து பின்னாலேயே வந்து மேடையின் ஓரத்தில் நின்றது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். அக்காவின் படத்தில் அந்தக் கோட்டை வாசல் ஆய்வகத் தாழ்வாரம் முழுவதையும் கடந்து, மூன்று திருப்பம் திரும்பி மேடைக்கு வர வேண்டும். "அடேயப்பா! இவ்வளவு நல்லா யோசிச்சிருக்கீங்களே, படத்துல எனக்குத் தெரியவே இல்லையே!" என்று வெண்கலம் தூரத்திலிருந்தே முழங்கினார். அக்கா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

சொட்டு சார் வந்ததே குற்றம் கண்டுபிடிக்க. ஒரு அகலமான கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படாமல் சுற்றிலும் அட்டைப்பெட்டி வைத்து, மேலே ஒரு துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று திட்டம். நடனப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் குதித்தார்கள். தண்ணீர் அசையவில்லை. சார் இன்னொரு தடவை குதிக்கச் சொன்னார். அசையவில்லை. பணிமனையிலிருந்து ஒரு பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பியது. அப்போதும் அசையவில்லை.

வேறு யாராவது இருந்தால் தட்டைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த மனிதர் தட்டையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து சாலையோரம் வந்து வைத்தார். பிள்ளைகள் குதித்தபோது லேசாக ஒரு நடுக்கம். பேருந்து போனபோது தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. நோட்டை எடுத்து எழுதினார். மறுபடியும் பேருந்துக்காகக் காத்திருந்தார். மறுபடியும் எழுதினார். ஏழு பேருந்துகள்.

"பிள்ளைங்க இல்ல, பஸ்ஸு" என்றார் அக்காவைப் பார்த்து. அவ்வளவுதான். அவருடைய பழைய ஆய்வகமும் அதே சாலையோரம்தான். இருபது வருடப் பழி அந்தச் சொட்டில் போயிற்று.

"மண்ணு வேற, தளம் வேற சார்" என்று தம்பி நேர்மையாகச் சொன்னான். "கட்டினப்புறம் மேடைக்கும் ஆய்வகத்துக்கும் தனித்தனி அஸ்திவாரம் போட்டு நடுவுல ஒரு கை அகலம் விட்டுடுவேன். ஒண்ணு ஆடினா இன்னொண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸைத்தான் நான் ஒண்ணும் செய்ய முடியாது. தள்ளி இருந்தாத்தான் உண்டு."

அதைக் கேட்டபோது அக்காவுக்குச் சுருக்கென்றது. மேடைக்கு ஜன்னலே கிடையாது. சுவரைத் தடியாகக் கட்டி, சாலைப் பக்கம் உடை அறைகளையும் சாமான் அறையையும் வைத்துவிட்டால் எந்தப் பேருந்தும் உள்ளே கேட்காது. வெளிச்சமும் அசையாத தரையும் தேவைப்படுவது ஆய்வகத்துக்கு. அதைப் போய்ச் சாலையோரத்தில் வைத்துவிட்டு, மேஜைக்கடியில் சுருள்கம்பி, ரப்பர் என்று பதினான்கு மாதம் மருந்து தேடியிருக்கிறாள். மேடைக்கு அமைதி முதலில் என்று படிக்கிற காலத்தில் எழுதிக்கொண்ட ஒரு வரி கண்ணை மறைத்துவிட்டது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மதியம் சொட்டு சார் ஒரு உப்புக் கரைசலை வடிகட்ட வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் சொட்டும். வேதியியலில் பாதி காத்திருப்பதுதான் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. வழக்கமாக அவர் எதிரேயுள்ள சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒத்திகை அறை. ஒரு மாணவி "நான் இன்னும் போகலை" என்ற ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சார் நாற்பது நிமிடமும் அதையே பார்த்தார். நடுவில் நோட்டை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு முதல்வர் வந்தார். கையில் இரண்டு கடிதங்களும் இருந்தன. மைதானத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். டீ வந்தது.

"எனக்குச் சம்மதம்!" என்றார் வெண்கலம், யாரும் கேட்பதற்கு முன்பே. சொட்டு சார் பேனா மூடியைத் திறந்தார். முதல்வரின் முகத்தில் பதினான்கு மாதத்தில் முதல்தடவையாகத் தலைவலி இல்லை.

தம்பி அக்காவின் காதில், "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. கையெழுத்து ஆகட்டும். படத்தை அப்புறம் திருப்பி வரைஞ்சு, திருத்தம்னு ஒரு தாளைச் சொருகிக்கலாம்" என்றான்.

"சொருக விடலைன்னா?"

கோப்பில் போகிற படம்தான் கட்டடமாக எழும்பும் என்பது தம்பிக்கும் தெரியும். விடாவிட்டால், இன்று இவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட கட்டடத்துக்குப் பதிலாக வேறொன்று நிற்கும். சொட்டு சார் தராசை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். இவளைத்தான் பார்ப்பார்.

"கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான்டா. நான் கெட்டிக்காரியும் இல்லை" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார். கையெழுத்துப் போடாதீங்க. காலையிலேருந்து நீங்க இருந்தது நான் வரைஞ்ச கட்டடம் இல்லை. கோட்டுக்குக் குடுத்த தாள் திரும்பிப் போச்சு. எல்லாம் வலது இடதா மாறிக் கிடக்கு. தப்பு கோடு போட்டவரோடது இல்லை, என்னோடது. இந்தக் கோப்புல இருக்கிற படத்துல ஆய்வகம் ரோட்டோரமா இருக்கு. ஒன்பது மணிக்கே எனக்குத் தெரியும். பயத்துல சொல்லலை."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதல்வர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"வலது எது இடது எதுன்னு தெரியாத ஒருத்தரை நம்பியா நான் ரெண்டு துறையை ஒப்படைக்கிறது?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கடிதங்களில் ஒன்றை மடித்துப் பையில் வைத்துவிட்டு மற்றதைச் சொட்டு சாரின் முன்னால் தள்ளினார். "சார், நீங்க இதுல போட்டுடுங்க. ஆய்வகம் மட்டும். முடிஞ்சுது."

வெண்கலத்துக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குரல் அடைத்துப் போனதை அந்தக் கல்லூரி அதுவரை பார்த்ததில்லை. அக்கா புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். போயிற்று. தன் வாயாலேயே போயிற்று.

"மாட்டேன்" என்றார் சொட்டு சார்.

எல்லோரும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"பதினாலு மாசமா இவங்க வரைஞ்சதுல இது ஒண்ணுதான் உருப்படியா இருந்துது. அது தப்பா வந்ததுன்னா வந்துட்டுப் போகட்டும். நம்ம சோதனையிலயும் நல்லது பாதி அப்படித்தான் வருது. ஆனா அதை வந்து சொல்றவன் கம்மி. எண்ணை மாத்தி எழுதுறவன்தான் ஜாஸ்தி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பழக்கமில்லை. பிறகு நோட்டைத் திறந்து வெண்கலத்திடம் காட்டினார். "உங்க பொண்ணு அந்த வசனத்தைப் பதினேழு தடவை சொல்லுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துச்சு. ஒரு தடவை கண்ணை மட்டும். ஒரு தடவை மூச்சை மட்டும். என் பசங்களுக்கு இருபது வருஷமா இதைத்தான் சொல்றேன், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துடான்னு. ஒருத்தன் கேட்டதில்லை. அவங்க இதைத் தினம் பார்க்கணும். எனக்கு அந்த இடத்துல ஒரு ஜன்னல் வேணும்."

"ஜன்னலா?" வெண்கலத்துக்குக் குரல் திரும்பிவிட்டது. "ஒத்திகை நேரத்துல ஊரே வேடிக்கை பார்க்கவா? முடியாது! திரை போடணும். திரை எங்க பக்கம் இருக்கும். இழுக்கிறதும் நாங்கதான்."

"நாற்பது நிமிஷத்துல பாதியாவது திறந்திருக்கணும்."

"அதை நாங்க சொல்லுவோம்!"

பேசிக்கொண்டே இரண்டு பேரும் எழுந்து மைதானத்துக்குள் போனார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். உட்கார்ந்து பார்க்கிற உயரமா நின்று பார்க்கிற உயரமா என்று சண்டை. அக்கா பின்னாலேயே ஓடினாள். "ரெண்டு சுவரு சார், நடுவுல இடைவெளி. ரெண்டு கண்ணாடி போட்டா ஒண்ணை ஒண்ணு தொடாது, சத்தமும் வராது" என்று தம்பி முளைக்குச்சிகளை எடுத்து நட ஆரம்பித்தான். நாலு குச்சிக்கு நடுவில் சொட்டு சார் குனிந்து எட்டிப் பார்த்தார், கண்ணாடி இருப்பது போலவே.

முதல்வர் மேஜையில் தனியாக இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வேகமாக நடந்து வந்தார், பையில் மடித்து வைத்த இரண்டு துறைக் கடிதத்தை எடுத்துக்கொண்டே. நேராக வந்தவர் ஆய்வகத்தின் முன்கோட்டில் காலை வைக்கப் போனார்.

"சார், சார்! அது சுவரு" என்றார் சொட்டு சார், தலையைத் தூக்காமலே. "வாசல் வழியா வாங்க."

முதல்வர் நின்றார். கீழே பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். மாணவர்கள், நடனப் பிள்ளைகள், மைதானக்காரர் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் தூக்கிய காலைப் பின்னால் எடுத்து வைத்தார். கோட்டின் ஓரமாகவே பதினைந்து அடி நடந்து, இடைவெளி விட்டிருந்த இடத்துக்கு வந்து, செருப்பைப் புல்லில் இரண்டு தடவை தேய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"ஜன்னல் எங்கே வருதாம்?" என்று கேட்டார்.

தம்பி கையைக் காட்டினான். முதல்வர் நாலு குச்சிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடிதத்தை அக்காவிடம் நீட்டினார்.

"சரியான பக்கமா வரைஞ்சு அஞ்சு மணிக்குள்ள கொண்டு வாங்கம்மா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.